வெங்காய வேலியில் உறைபனி

வானிலை அலுவலகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்த்துவந்த அவளை ஊரே ‘இருக்கலாம் மேடம்’ என்றுதான் சொன்னது. முகத்துக்கு நேரே வெறும் ‘மேடம்’. ‘இருக்கலாம்’ முதுகுக்குப் பின்னால். அது அவளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

பேர் வந்ததற்கு அவள் வாய்தான் காரணம். வசந்தம் பிறந்ததிலிருந்து கோடை தொடங்கும்வரை தினமும் மாலை ஆறு மணிக்கு, உள்ளூர் வானொலியில் விவசாயிகளுக்கும் தோட்டம் போடுகிறவர்களுக்குமான வானிலைக் குறிப்பை அவள்தான் வாசிப்பாள். “நாளை மழை இருக்கலாம். சில இடங்களில் இல்லாமலும் போகலாம். காற்று மிதமாக வீசலாம். இடையிடையே வெயிலும் எட்டிப் பார்க்கலாம்” என்று வாசித்து முடித்து, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். பதினான்கு வருடத்தில் ஒரு குறிப்பும் பொய்த்ததில்லை. பொய்ப்பதற்கு அதில் ஏதாவது இருந்தால்தானே?

வீட்டிலும் அதே கதைதான். அவள் கணவர் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். சினிமாவுக்குக் கிளம்பிப் பாதி வழியில், “கதவைப் பூட்டினியா?” என்று கேட்பார். “பூட்டியிருக்கலாம்” என்பாள். மனுஷன் திரும்பி நடந்து, கதவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் எந்தப் படத்தின் ஆரம்பத்தையும் பார்த்ததில்லை.

அந்த வருடம் வசந்தத்துக்கு என்ன அவசரமோ, மூன்று வாரம் முன்னாலேயே வந்து நின்றது. ஆப்பிள் மரங்கள் பூத்துத் தள்ளின. ஆட்கள் கம்பளிச் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தார்கள். நாற்றுக் கடையில் தக்காளி நாற்று இரண்டே நாளில் தீர்ந்தது. கொல்லை இருந்தவர்கள் கொல்லையில் நட்டார்கள். இல்லாதவர்கள் மொட்டைமாடியில், வாசற்படியில், உடைந்த வாளியில் நட்டார்கள். நட்டு முடித்துக் கையைக் கழுவிய பிறகுதான் ஊருக்குப் பயம் வந்தது. இவ்வளவு சீக்கிரம் நட்டுவிட்டோமே, திடீரென்று உறைபனி விழுந்தால்? ஒரே ஒரு விடிகாலை போதும். இலையின் மேல் வெள்ளையாகப் படியும். வெயில் ஏறியதும் பார்த்தால் செடியெல்லாம் வேகவைத்த கீரை மாதிரித் தொங்கும்.

தோட்டக்காரர் சங்கம் செவ்வாய்க்கிழமை மாலை பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டது. வானிலை அலுவலகத்திலிருந்து அவளும் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவர் சங்கத் தலைவி. அவர் அவளுக்கு நாத்தனார், கணவரின் அக்கா. முப்பது வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவர். அந்தக் குரலுக்கு இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை.

மண்டபத்தில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். அவள் வரைபடங்களை விரித்து, காற்றழுத்தம், ஈரப்பதம் என்று ஆரம்பிப்பதற்குள் நாத்தனார் எழுந்து நின்றார்.

“இங்க பாரும்மா. எங்கிட்ட நாப்பது தக்காளிச் செடி இருக்கு. உறைபனி வருமா, வராதா? ஒரே வார்த்தை.”

“அக்கா, வானம் தெளிவா இருக்கு. ஈரப்பதம் கம்மி. அதனால வெப்பநிலை இறங்குறதுக்கு வாய்ப்பு...”

“வாய்ப்பெல்லாம் வேணாம். முப்பது வருஷம் ஸ்டேஷன்ல உட்கார்ந்திருந்தேன். ‘ரயில் வரலாம், வராமலும் போகலாம்’னு ஒரு நாளாவது நான் சொல்லியிருக்கேனா?”

“நீங்க வரும்னு சொன்னதும் வந்ததில்லையே!” என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. மண்டபம் சிரித்தது.

“அது ரயிலோட தப்பு” என்றார் நாத்தனார், அசையாமல்.

சிரிப்பு அடங்கியதும் மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருந்துக்கடைக்காரர் பக்கத்து ஆளின் காதில் குனிந்து, “இருக்கலாம் மேடம்கிட்ட இதுக்கு மேல என்னத்தை எதிர்பார்க்கிறது?” என்றார். காதில் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. கேள்வி கேட்பவர்களிடம் கொடுக்க வைத்திருந்த மைக் அவர் மடியில் இருந்தது. நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கி அதை நாலு தடவை சொன்னது.

மருந்துக்கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவளுக்குக் காது இரண்டும் கொதித்தது. இத்தனை நாள் முதுகுக்குப் பின்னாலிருந்த சொல் முன்னால் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது. கையிலிருந்த வரைபடத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“வரும்” என்றாள்.

“என்னம்மா?”

“உறைபனி வரும். நாளை மறுநாள், வியாழக்கிழமை விடிகாலை. மைனஸ் ரெண்டு டிகிரி. கையில என்ன துணி கிடைக்குதோ, அதைப் போட்டு எல்லாத்தையும் மூடுங்க. வரலைன்னா என்னை என்னன்னு வேணா கேளுங்க.”

மண்டபம் கைதட்டியது. நாத்தனார்கூட இரண்டு தட்டுத் தட்டினார். அவளுக்குத் தலை கிர்ரென்றது. உறுதியாக ஒரு வார்த்தை சொல்வது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

புதன்கிழமை ஊரே தன் வீட்டுத் துணியெல்லாம் உருவிக்கொண்டு தெருவுக்கு வந்தது. சாக்கு தீர்ந்தது, பிளாஸ்டிக் தாள் தீர்ந்தது, அப்புறம் அலமாரிகளில் கைவைத்தார்கள். படுக்கை விரிப்பு, போர்வை, ஜன்னல் திரை, துண்டு எல்லாம் செடிமேல் ஏறின. முடிதிருத்தும் கடைக்காரர் வாடிக்கையாளர்கள் கழுத்தில் கட்டும் துணியைப் பூசணிக்குக் கட்டினார். விடுதிக்காரர் மேசைவிரிப்புகளை அவரைக்கொடிக்குக் கொடுத்துவிட்டு, வந்தவர்களுக்கு வெறும் மேசையில் சாப்பாடு போட்டார். நாத்தனார் தன் வீட்டுத் துணி போதாமல், கணவர் குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவருடைய கோட்டுகள் ஐந்தையும் தக்காளிக்கு மாட்டிவிட்டார். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ அலுவலகக் கூட்டம் மாதிரி இருந்தது.

அவள் தெருவில் நடந்தபோது இருபுறமும் வணக்கம். ரொட்டிக்கடைக்காரர் கூப்பிட்டு ஒரு பன்னைக் கையில் திணித்தார். தரையில் கால் பாவாமல்தான் அலுவலகம் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்குப் புதிய வரைபடம் வந்தது. கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளர் அதை அவள் மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

“மேடம், மேற்கால பாருங்க. கோடெல்லாம் நெருங்கி வருது.”

பார்த்தாள். காற்றழுத்தக் கோடு நெருங்கினால் காற்று. விடிகாலையில் நல்ல பலமான காற்று. காற்று அடித்தால் உறைபனி படியாது. மேலே இருக்கும் கதகதப்பையும் தரையில் இருக்கும் குளிரையும் அது ஒன்றாகக் கலக்கிவிடும். உறைபனி வராது. காற்று வரும். ஊர் முழுக்கத் துணி விரித்துக் கிடக்கிறது.

வானொலி நிலையத்துக்குப் போகும்போது தாளில் எழுதியும் வைத்திருந்தாள்: ‘பலத்த காற்று வீசலாம், அப்படி வீசினால் உறைபனி வராமல் போகலாம், துணிகளின்மேல் கல் வைக்கவும்.’ நிலையத்தில் அறிவிப்பாளர் வாசலுக்கே வந்து வரவேற்றார்.

“மேடம், நேத்துலேந்து ஊரே உங்க பேச்சுதான். இன்னிக்கும் அதே மாதிரி கணீர்னு சொல்லிடுங்க!”

மைக் முன்னால் உட்கார்ந்து தாளைப் பார்த்தாள். ‘வீசலாம்’, ‘போகலாம்’. இரண்டும் இரண்டு பல்லியைப் போல அவளைப் பார்த்தன. பேனாவை எடுத்தாள். அந்த வரியைக் குறுக்கே அடித்தாள்.

“உறைபனி வரும். மூடுங்கள்” என்று வாசித்தாள். கணீரென்றுதான் இருந்தது. அன்று தண்ணீர் குடிக்காமலேயே எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலை வெளிச்சம் நேராகக் கண்ணில் அடித்து எழுப்பியது. ஜன்னல் திரை கணவரின் பட்டாணிக்கொடிக்குப் போயிருந்தது. கணவர் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்தான், ஆனால் காலையில் தன் கண்ணாடியைத் தேடிக் கண்டுபிடிக்க அவருக்கு அரை மணி நேரம் வேண்டும்.

“இங்க வாயேன். எவ்வளவு பெரிய கொக்குக் கூட்டம் போகுது பாரு!”

அவள் வந்து பார்த்தாள்.

“கொக்கு இல்லீங்க. தலையணை உறை.”

வெளியே காற்று ஊளையிட்டது. வெப்பமானி ஏழு டிகிரி காட்டியது. ஊரில் ஒரு செடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. தக்காளி, பூசணி, அவரை எல்லாம் அம்மணமாக நின்று ஜோராகத் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஊர்க்காரர்களுக்குத்தான் போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை. அவள் வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளலாமா என்று யோசித்தாள். ஆனால் மழைமானியை எட்டு மணிக்குப் பார்த்தாக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சந்து சந்தாகப் புகுந்து அலுவலகம் போனாள்.

ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஊருக்குக் கிழக்கே முப்பது ஏக்கரில் வெங்காயம் போடுகிறவர் அதிலிருந்து இறங்கினார். அவருக்கு உறைபனிக் கவலையே கிடையாது, வெங்காயம் குளிர் தாங்கும். அதனால் கூட்டத்துக்குக்கூட வரவில்லை. நிலத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு முள்கம்பி வேலி போட்டிருந்தார். டிராக்டரின் பின்னால் இருந்த வண்டியில் துணி மலை மாதிரிக் குவிந்திருந்தது.

“மேடம், உங்க உறைபனி வந்து சேர்ந்துடுச்சு” என்றார். “என் வேலியிலதான் தொங்கிக்கிட்டிருந்தது. எங்க இறக்கட்டும்?”

அவள் வண்டியை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். “மன்னிச்சிடுங்க” என்றாள்.

“எனக்கென்ன மேடம், மூணு மணி நேரம் நானும் என் சம்சாரமும் முள்ளுலேந்து எடுத்தோம். அவ இத்தனை வருஷத்துல இன்னிக்கு மாதிரிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. ஊருல யார் யார் என்னென்ன உடுத்துறாங்கன்னு...” சொல்லவந்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

துணியைப் பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கினார்கள். ‘நானே நின்று பிரித்துக் கொடுக்கிறேன்’ என்று அவள் சொல்லிவிட்டாள். உதவியாளரை வைத்து எண்ணியதில் நானூற்றுப் பன்னிரண்டு உருப்படி. மேசைகளைச் சேர்த்துப் போட்டு வகைவகையாக அடுக்கினாள். பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தால் வெளியே வரிசை தெருமுனைவரை நின்றது.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதற்கு நேரமில்லை. எல்லா வீட்டிலும் வெள்ளை விரிப்புதான், எது யாருடையது? நாத்தனாரும் மருந்துக்கடைக்காரரின் மனைவியும் ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றார்கள்.

“இந்த மூலையில காப்பிக் கறை இருக்கு. அது எங்க வீட்டுக்காரர் கொட்டினது!”

“எங்க வீட்டுக்காரர் மட்டும் கொட்டமாட்டாரா?”

கடைசியில் வெங்காயக்காரர் வந்து முகர்ந்து பார்த்து, அது காப்பி இல்லை, டிராக்டர் எண்ணெய், வண்டியில் துணிமேல் போர்த்திக் கொண்டுவந்த அந்த விரிப்பே தன்னுடையது என்றார்.

ஒன்றே ஒன்றைத்தான் யாரும் கேட்கவில்லை. மஞ்சள் வாத்துகள் அச்சடித்த இரவு உடுப்பு, சட்டையும் கால்சட்டையுமாக ஒரு ஜோடி. ஆள் நல்ல ஆகிருதியானவராகத்தான் இருக்க வேண்டும். நகராட்சித் தலைவர் ஏற்பாடுகளைப் பார்வையிட வந்ததாகச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த மேசையை மூன்று தடவை சுற்றினார். மூன்று தடவையும் வாத்துகளுக்கு எதிரில் நடை தளர்ந்தது. ரோஜாச்செடி வளர்ப்பவர் என்று ஊருக்கே தெரியும். நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அவள் அந்த உடுப்பை எடுத்து மடித்தாள்.

“ஐயா, இது நம்ம ஊர்த் துணி மாதிரித் தெரியலை. பக்கத்து ஊர்லேந்து பறந்து வந்திருக்கலாம். நகராட்சியில பத்திரமா வச்சிருந்து, உரியவங்க வந்தா குடுத்துடுறீங்களா?”

“அது நகராட்சியின் கடமை” என்றார் தலைவர். வாங்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று போனார்.

மேசைகள் காலியானதும் அவள் மேடையேறினாள். மைக் பக்கம் போகவில்லை.

“ஒண்ணு சொல்லணும். காத்து வரப்போகுதுன்னு நேத்து நாலு மணிக்கே எனக்குத் தெரியும். சொல்லியிருந்தா எல்லாரும் கல்லு வச்சிருப்பீங்க. எழுதிக்கூட வச்சிருந்தேன். அடிச்சுட்டேன்.”

“ஏம்மா?” என்றார் நாத்தனார்.

“நேத்து ஒரு நாள்தான் அக்கா எல்லாரும் என்னை நின்னு பார்த்து வணக்கம் சொன்னாங்க. மாத்திச் சொன்னா அது போயிடுமேன்னு இருந்தது.” “என் தப்புதான்.”

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். “மைக் ஆன்ல இருந்தது தெரியாது மேடம்” என்றார். உட்காரப் போனவர் திரும்ப நிமிர்ந்தார். “மைக் இல்லைன்னாலும் சொல்லியிருக்கக் கூடாது.”

அப்போது வெங்காயக்காரர், விரிப்பைத் தோளில் போட்டபடி, கதவருகிலிருந்து பேசினார்.

“மேடம், நான் விதை வாங்குறப்போ கடைக்காரர் முளைக்கும்னும் சொல்லமாட்டார், முளைக்கலாம்னும் சொல்லமாட்டார். பத்துக்கு எட்டு முளைக்கும்பார். நான் அதுக்குத் தகுந்த மாதிரித் தூவிக்குவேன். நீங்களும் அப்படிச் சொல்லுங்களேன். பத்துல எத்தனைன்னு. மிச்சத்தை நாங்க பார்த்துக்கிறோம்.”

அந்தக் கணக்கு அலுவலகத்தில் தினமும் தலைமையிடத்திலிருந்து வரும் தாளிலேயே இருந்தது. இத்தனை வருடமும் அவள்தான் அதை ‘லாம்’ ஆக்கி வாசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மாலை வானொலியில் வாசித்தாள்: “நாளை விடிகாலை உறைபனிக்குப் பத்தில் ஏழு. காற்றுக்குப் பத்தில் ஒன்று. மூடுகிறவர்கள் ஓரத்தில் கல் வையுங்கள்.” அன்று ஊரில் துணி காயப்போடும் கிளிப் ஒன்றுகூடக் கடையில் மிஞ்சவில்லை.

உறைபனி வந்தது. செவ்வாய்க்கிழமை விடிந்தபோது கூரைகளும் புல்லும் மாவு கொட்டிய மாதிரி வெளுத்துக் கிடந்தன. ஒன்பது மணி வெயிலில் துணிகளை விலக்கிப் பார்த்தவர்கள், உள்ளே பச்சைப்பசேலென்று நின்ற செடிகளைக் கண்டு பக்கத்து வீட்டாரைக் கூவிக் கூப்பிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரர் இந்தத் தடவை இரண்டு பன் கொடுத்தனுப்பினார்.

அவள் அதைப் பிய்த்து வாயில் வைக்கவும், நாத்தனார் வீட்டுக்குள் நுழையவும் சரியாக இருந்தது. கையில் ஒரு தட்டு. தட்டில் கறுத்துத் துவண்டுபோன பன்னிரண்டு தக்காளிச் செடிகள்.

“இதுக்கு என்ன பதில் சொல்ற?”

“ஐயோ அக்கா, மூடலையா?”

“மூடாம என்ன? நாப்பதுல இருபத்தெட்டை மூடினேன். நீதானே பத்துல ஏழுன்னு சொன்னே! நீ சொன்ன கணக்குல ஒரு செடி கூட்டியோ குறைச்சோ நான் மூடலை. மூடினது பூரா நல்லா இருக்கு. இந்தப் பன்னிரண்டும் எப்படிச் செத்துச்சு?”

அவள் வாயிலிருந்த பன் அப்படியே நின்றது. கணவர்தான் சமாளித்தார். “இரு அக்கா, நான் விளக்குறேன்” என்று உள்ளே போய்ப் பத்து மூக்குக்கண்ணாடிக் கூடுகளைக் கொண்டுவந்தார். ஏழு கறுப்பு, மூன்று சிவப்பு. எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக் குலுக்கினார்.

“கறுப்பு வந்தா உறைபனி உண்டு. சிவப்பு வந்தா இல்லை. பார்க்காம ஒண்ணு எடு.”

நாத்தனார் கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தார். சிவப்பு.

“பார்த்தியா, இல்லை!” என்றார். “ஆனா வந்துச்சே!”

“அது வேற அக்கா. இன்னொண்ணு எடு.”

மறுபடியும் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. கணவர் பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். தேநீர் வைத்தார்கள். அவள் பட்டாணியை வைத்து ஒரு தடவை, பொத்தானை வைத்து ஒரு தடவை, கடைசியில் ரயிலை வைத்து ஒரு தடவை விளக்கினாள். இரண்டாவது கோப்பைத் தேநீர் முடியும்போது நாத்தனாரின் முகம் மெல்லத் தெளிந்தது. கோப்பையைக் கீழே வைத்தார்.

“இப்பப் புரிஞ்சுது. இத்தனை செடின்னு கணக்கு வச்சதுதான் தப்பு. ஒவ்வொரு செடியையும் பத்துல ஏழு பங்கு மூடணும்; தலையை மட்டும் வெளியில விட்டுடணும். அப்படித்தானே?”

அவள் கணவரைப் பார்த்தாள். கணவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் எழுந்து, மூன்றாவது தடவையாகத் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.